டிரைவ் எழுதித் தரும் நிரலை மாணவர்கள் வாசிக்கட்டும்

புதுச்சேரி, கடலூர் வட்டாரக் கல்லூரிகளில் ரஸ்ட் மொழி கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பல புலங்களைச் சேர்த்து வைக்கும் ஸ்ட்ரக்ட் (struct), சில தேர்வுகளைப் பட்டியலிடும் ஈனம் (enum) ஆகியவற்றின் மேல் டிரைவ் (derive) வரியைச் சேர்த்தால், நகலெடுக்கும் குளோன் (Clone), உள்ளடக்கத்தை அச்சிடக் காட்டும் டீபக் (Debug), மதிப்பை ஓர் எண்ணாகச் சுருக்கும் ஹேஷ் (Hash) முதலிய டிரெய்ட்களுக்கான, அதாவது திறன்களுக்கான, நிரல் தானே உருவாகிவிடும் என்பதை மாணவர்கள் விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். உருவாகும் நிரலை ஒருமுறையாவது வாசிக்க வைத்த பின்னரே அந்த வரியை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் என்னும் நான்கு பகுதிகளை இதே வரிசையில் ஓர் ஈனமாக எழுதி, ஒப்பீட்டு டிரெய்ட்களை டிரைவ் செய்தால், புதுச்சேரி எல்லாவற்றிலும் சிறியது என்றும் ஏனாம் பெரியது என்றும் ஆகிவிடும். பரப்பளவும் அகரவரிசையும் அங்கே கணக்கில் இல்லை. எழுதிய வரிசையே விதி. பின்னொரு நாள் யாரேனும் பெயர்களை இடம் மாற்றினால், கம்பைலர் எச்சரிக்காமலே பட்டியலின் வரிசை மாறிப்போகும்.

இதைவிடக் கவலை தருவது ஹேஷ். குடும்ப அட்டைக்கான ஒரு ஸ்ட்ரக்டில், அட்டை எண் ஒன்றானால் இரண்டும் சமம் என்று, சமத்தைச் சோதிக்கும் பார்ஷியல்ஈக்யூ (PartialEq) டிரெய்ட்டைக் கையால் எழுதிவிட்டு, ஹேஷை டிரைவ் செய்யும் மாணவரை எண்ணிப் பாருங்கள். டிரைவ் செய்த ஹேஷ் முகவரி உட்பட எல்லாப் புலங்களையும் சேர்த்துக்கொள்வதால், முகவரி மட்டும் மாறிய அதே அட்டைக்கு வேறு ஹேஷ் கிடைக்கும். சமமானவற்றின் ஹேஷும் சமமாக இருக்க வேண்டும் என்ற விதி உடைந்து, ஹேஷை வைத்துத் தேடும் பட்டியலான ஹேஷ்மேப்பில் இருக்கும் பதிவும் தேடினால் கிடைக்காமல் போகலாம். கம்பைலர் இதை ஏற்றுக்கொள்ளும். நிரலில் உள்ள தவறுகளைச் சுட்டும் கிளிப்பி கருவியை ஓட்டினால்தான் பிடிபடும். ஆதார் எண்ணும் ஒரு புலமாக உள்ள அதே ஸ்ட்ரக்டில் டீபக்கையும் டிரைவ் செய்து அச்சிட்டால், அந்த 12 இலக்க எண் அப்படியே லாக் கோப்பில் போய் விழும்.

டிரைவ் வரிக்காக நிரலை உருவாக்கித் தரும் மேக்ரோவைக் குறை சொல்ல முடியாது. 2017இல் வந்த 1.15 பதிப்பிலிருந்து நாமே டிரைவ் மேக்ரோ எழுதலாம் என்றாலும், அதற்குக் கிடைப்பவை டோக்கன்கள், அதாவது நிரலில் உள்ள சொற்களும் குறிகளும் மட்டுமே. எந்தப் புலம் அந்தரங்கமானது என்பதை நாம் குறித்துக் காட்டாமல் அது அறியாது. இருபது புலங்களுக்குக் குளோனைக் கையால் எழுதச் சொல்வதும் வீண்வேலை என்பதை நானும் ஏற்கிறேன்.

ஆகவே, மூன்று புலங்கள் கொண்ட ஒரு ஸ்ட்ரக்டுக்கு பார்ஷியல்ஈக்யூவையும் ஹேஷையும் மாணவர்கள் லேபில் கையால் எழுதட்டும். பிறகு மேக்ரோ உருவாக்கும் நிரலைக் காட்டும் கார்கோ எக்ஸ்பாண்ட் (cargo expand) கருவியை நிறுவி, டிரைவ் தரும் நிரலை அதனருகே வைத்து ஒப்பிடட்டும். எந்த டிரெய்ட்டை ஏன் டிரைவ் செய்யவில்லை என்ற கேள்வியைச் செய்முறைத் தேர்விலும் கேளுங்கள்.

இப்படிக்கு,
ரஸ்ட் நிரலாளர் ஒருவர்,
கடலூர்