மழலையைத் திருத்தி எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையில் குழந்தைகளின் குறும்புப் பேச்சுக்கென்று ஒரு பகுதி ஒதுக்குவது நல்ல காரியம். ஆனால் அங்கே அச்சாகும் மூன்று வயதுக் குழந்தை முப்பது வயதுக்காரர் மாதிரி பேசுகிறது. 'அம்மா, நிலா ஏன் நம்மைப் பின்தொடர்ந்து வருகிறது?' என்று எந்த மூன்று வயதும் கேட்காது. 'நெலா நம்ம கூடயே வலுது' என்றுதான் வரும். திருத்தியது பெற்றோரோ, உதவி ஆசிரியரோ, திருத்தத்தில் காணாமல் போனது குழந்தை.

மழலை என்பது தப்புத்தப்பான தமிழ் அல்ல. அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. 'க' நாக்குக்கு எட்டாத காலத்தில் கதவு 'ததவு' ஆகும். 'ர' வராத இடத்தில் 'ல'வோ 'ய'வோ வந்து உட்காரும். 'ழ' எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும், சிலருக்கு வராமலே போகும். இதைவிட அருமையான பிழை ஒன்று உண்டு: 'நான் அங்கயே நில்லினேன்.' 'நில்லினேன்' என்று பெரியவர்கள் யாரும் அந்தக் காதில் போட்டதில்லை. ஓடினேன், பாடினேன் என்று கேட்டுக் கேட்டு, விதியைத் தானாகப் பிடித்து, அது செல்லாத இடத்திலும் போட்டுப் பார்க்கிறது குழந்தை. இலக்கணம் உள்ளே வேலை செய்வதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. சில மாதங்களில் 'நின்னேன்' வந்துவிடும். பழையது திரும்ப வராது.

அது போனதைக் குழந்தையும் சொல்லாது. பெரியவர்களில் பெரும்பாலோருக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்திய எதுவும் நினைவில் நிற்பதில்லை. பெற்றோருக்கு நிற்குமே என்றால், நிற்பது சாரம்தான், சொல் அல்ல. ஒரு ராத்திரி தூங்கி எழுந்தாலே வாக்கியம் பெரியவர் வாக்கியமாக மாறிவிடும். நாலு பேரிடம் சொன்ன பிறகு சிரிப்புக்காகச் சேர்த்தது எது, குழந்தை சொன்னது எது என்று சொன்னவருக்கே பிரிக்கத் தெரியாது. அதனால் எழுதி வைப்பதென்றால் அன்றைக்கே எழுத வேண்டும். நாளைக்கு என்றால் வேறொன்றைத்தான் எழுதுவோம்.

எப்படி எழுதுவது என்பதற்கு சார்லஸ் டார்வின் நல்ல வழிகாட்டி. 1839 டிசம்பரில் பிறந்த தன் மூத்த மகனைப் பற்றி உடனுக்குடன் குறிப்பெடுத்து, அவற்றைக் கொண்டே 1877-இல் 'மைண்ட்' என்ற ஆய்விதழில் கட்டுரை எழுதினார். முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து! நினைவை நம்பியிருந்தால் அது நடந்திருக்காது. முகத்தில் துணியைப் போட்டுச் சட்டென்று எடுத்தபோது குழந்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை என்பதை '110-ஆம் நாள்' என்று எழுதுகிறார். சாப்பாட்டு அறையிலிருந்து கண்கள் மின்ன, ஒரு மாதிரியான தோரணையில் பையன் வெளியே வந்ததையும், தொடக்கூடாது என்று சொல்லியிருந்த சர்க்கரைப் பொடியை எடுத்திருந்ததையும் '2 வயது ஏழரை மாதம்' என்று குறிக்கிறார். 'சுட்டிப் பையன்' என்று எழுதி முடித்திருந்தால் நமக்கு அந்தக் கண்கள் கிடைத்திருக்காது.

ஆக, ஒரு குறிப்புக்கு வேண்டியவை கொஞ்சம்தான். தேதி. வயது, ஆண்டும் மாதமுமாக. இரண்டு வயதுக்குள் என்றால் வாரக் கணக்கும் சேர்த்து. 'சுமார் ரெண்டு வயசு இருக்கும்' என்பது பயன்படாது, ஏனென்றால் இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவில் பேச்சு முழுவதும் மாறிவிடுகிறது. பிறகு, அதற்கு முந்தைய நொடியில் என்ன நடந்தது, யார் என்ன கேட்டார்கள் என்று ஒரு வரி. முக்கால்வாசிக் குறிப்புகள் இந்த வரி இல்லாமல்தான் வீணாகின்றன. பதில் இருக்கும், கேள்வி இருக்காது. பத்து வருடம் கழித்துப் படித்தால் ஏன் சிரித்தோம் என்றே புரியாது. அடுத்து, சொன்னதைச் சொன்னபடி, காதில் விழுந்த எழுத்திலேயே. பொருள் விளங்காத சொல்லானால் பக்கத்தில் பொருள். கடைசியாகக் கை, கண், முகம் என்ன செய்தன என்று ஒரு வரி. 'ரொம்ப க்யூட்' என்ற சொல்லை எழுதக் கை போகும்போது, எதைப் பார்த்து அப்படித் தோன்றியதோ அதை எழுதினால் போதும்.

பேச்சு வருவதற்கு முன்னும் எழுத நிறைய உண்டு. ஆறு முதல் எட்டு வாரத்தில் முகம் பார்த்துச் சிரிப்பு, மூன்று நான்கு மாதத்தில் சத்தமான சிரிப்பு. ஒன்றரை வயதிலிருந்து இரண்டுக்குள், மூக்கில் ஒட்டிய மை கண்ணாடியில் தெரிந்தால் கண்ணாடியைத் தொடாமல் தன் மூக்கையே தொடும். அதற்குமுன் கண்ணாடிக்குள் இருப்பது வேறொரு பிள்ளை. ஒன்றரை முதல் இரண்டரை வரை, கையளவு பொம்மைக் காருக்குள் காலை நுழைத்து உட்காரப் பார்க்கும் குழந்தைகள் உண்டு, அதுவும் விளையாட்டாக அல்ல, முழு நம்பிக்கையோடு. தன் கண்ணை மூடிக்கொண்டால் தன்னை யாராலும் பார்க்க முடியாது என்று நினைப்பதும், கடந்துபோன எல்லா நாளுக்கும் 'நேத்து' என்பதும் இந்த வயதுகளை ஒட்டி வருபவை. ஒவ்வொன்றும் வந்த தேதியை எழுதுவோர் உண்டு. நின்றுபோன தேதியை எழுதுவோர் அபூர்வம். மாதம் ஒருமுறை 'இப்போது சொல்லாமல் விட்டவை' என்று ஒரு வரி சேர்த்தால் அதுவும் கிடைத்துவிடும்.

போனில்தான் எல்லாம் இருக்கிறதே என்பார்கள். போனைத் தூக்கியதுமே நடந்துகொண்டிருந்தது நின்றுவிடும். குழந்தை போனைப் பார்க்கும், இல்லையென்றால் நடிக்கத் தொடங்கும். பேச்சுக்கு வீடியோவைவிட ஒலிப்பதிவு மேல். பதிவைத் தொடங்கிவிட்டுப் போனைக் கவிழ்த்து, மேசையில் ஒரு துணிமேல் வைத்துவிட வேண்டும். வெறும் மேசையில் வைத்தால் தட்டுகிற சத்தமெல்லாம் ஏறும். 128 கேபிபிஎஸ் (ஒலிப்பதிவின் தரத்தைக் குறிக்கும் அளவு) தரத்தில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 1 எம்பிதான் ஆகும், இடம் போய்விடும் என்ற பயம் வேண்டாம். தொடக்கத்தில் தேதியையும் வயதையும் நம் குரலிலேயே சொல்லிவிடலாம். கோப்புக்குப் பெயர் ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் வைத்தால் தானாகவே அடுக்கி நிற்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்குவதோடு, எடுத்த தேதியும் அதிலிருந்து கழன்றுவிடும். ஆவணமாக அனுப்பினால் தப்பும். எதற்கும் மூன்று நகல், வேறு வேறு வகைச் சாதனங்களில், ஒன்றாவது வீட்டுக்கு வெளியே. ஓவியங்களுக்குப் பின்புறம் மெல்லிய பென்சிலில் தேதியும், 'இது என்ன' என்று கேட்டதற்குக் குழந்தை சொன்ன விளக்கமும். ஸ்கெட்ச் பேனா வண்ணம் வெளிச்சத்தில் வெளுக்கும், சுவரில் மாட்டுவதற்குமுன் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் நம் ஆசையால்தான். 'எங்கே, மாமாகிட்ட இன்னொரு தடவை சொல்லு' என்று கேட்டுப் பாருங்கள். ஒரு குழந்தை வாயை மூடிக்கொள்ளும். இன்னொன்று அதையே ஒரு மாதம் சொல்லும், ஆனால் அது இனிமேல் பேச்சல்ல, வித்தை. யோசித்துத்தான் கேட்ட கேள்விக்கு வீடே சிரித்தால் அடுத்த கேள்வி நம்மிடம் வராது. சிரிப்பை அடக்க முடியாவிட்டால் பதிலை முதலில் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்ச் சிரிக்கலாம். 'நில்லினேன்' என்பதைத் திருத்தவும் வேண்டாம், கொஞ்சிக் கொஞ்சித் திருப்பிச் சொல்லவும் வேண்டாம், 'அங்கயே நின்னியா?' என்று பேச்சைத் தொடர்ந்தால் போதும்.

இனி, தங்கள் பகுதிக்கு வருகிறேன். வயதை ஆண்டும் மாதமுமாக அச்சிடுங்கள். குழந்தையின் சொல்லில் கை வைக்காதீர்கள். புரியாத சொல்லுக்கு அடியில் பொருள் தரலாம். முழுப் பெயர், பள்ளியின் பெயர், சீருடைப் படம் வேண்டாம். முதல் எழுத்து போதும். குளிக்கும் படம், அழுகிற படம், பயந்துபோன படம் யார் அனுப்பினாலும் திருப்பி அனுப்புங்கள், அந்தப் பக்கம் இணையத்தில் பல வருடம் கிடக்கும். ஐந்து வயதைத் தாண்டிய குழந்தையானால் 'இதைப் பேப்பரில் போடலாமா' என்று அதனிடம் கேட்டீர்களா என்று பெற்றோரிடம் ஒரு வரி விசாரியுங்கள். 'வேண்டாம்' என்று அது சொல்லியிருந்தால் வீட்டு நோட்டில் மட்டும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மழலையர் வகுப்பு ஆசிரியர் ஒருவர்