டோல்கேட்டில் மிச்சமாவது நேரம் மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஃபாஸ்டேக் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, மிச்சமாகும் நேரத்தையும் டீசலையும் விரிவாகக் கணக்குப் போட்டிருந்தது. டோல்கேட்டை ஒட்டிக் குடியிருப்பவர்கள் சுவாசிக்கும் காற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அமெரிக்காவில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். நியூஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் ஈஸிபாஸ் என்ற மின்னணுக் கட்டண முறை வருவதற்கு முன்னும் பின்னும் பிறந்த குழந்தைகளின் பதிவுகளை, ஜேனட் கரி, ரீட் வாக்கர் என்ற பொருளாதார அறிஞர்கள் அலசினார்கள். ஆய்வு 2011இல் வெளியானது. ஈஸிபாஸ் வந்த பிறகு, சுங்கச்சாவடியிலிருந்து 2 கி.மீ.க்குள் வசித்த தாய்மார்களிடம், 2 முதல் 10 கி.மீ. வரை தள்ளி வசித்தவர்களோடு ஒப்பிடும்போது, குறைப்பிரசவம் 10.8 சதவீதமும், எடை குறைந்த குழந்தை பிறப்பது 11.8 சதவீதமும் குறைந்திருந்தன. வண்டிகள் வரிசையில் நின்று புகை கக்குவது குறைந்ததன் பலன் இது.

சரி, நமக்கும் அந்தப் பலன் வந்துவிட்டதா? 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம்தான். ஆனால் குறுக்கே விழும் கம்பி அப்படியே இருக்கிறது. சிங்கப்பூரில் 1998 முதல் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டணம் போய்விடுகிறது. இங்கே ஸ்டிக்கர் ஒட்டியவரும் கம்பி தூக்கும்வரை காத்திருக்க வேண்டும். பாரம் ஏற்றிய லாரி நின்றுவிட்டு, முதல் கியரில் உறுமிக் கிளம்பும்போதுதான் புகை அதிகம் வரும். முன்னால் போகிறவரின் கணக்கில் பேலன்ஸ் இல்லை, ஸ்டிக்கரை ஸ்கேனர் படிக்கவில்லை என்றால் அந்த லேன் முழுக்க இன்ஜின் ஓடியபடி நிற்கும். பொங்கல், தீபாவளி சமயத்து எங்கள் பரனூர் டோல்கேட்டைச் சொல்லவே வேண்டாம்.

கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் போகும் நமக்கு அது சில நிமிடத் தொல்லை. கூண்டுக்குள் ஷிஃப்ட் பார்க்கும் ஊழியர்களும், வண்டிக்கு வண்டி ஓடி வெள்ளரிக்காய், வேர்க்கடலை விற்பவர்களும் நாள் முழுக்க அதைத்தான் சுவாசிக்கிறார்கள்.

கம்பியே இல்லாமல், கேமரா வைத்து வசூலிக்கும் முறைக்கு மத்திய அரசு தயாராகிவருகிறது. குஜராத்தின் சோர்யாசி சுங்கச்சாவடிக்கு 2025இல் ஒப்பந்தமும் போட்டாயிற்று. தமிழ்நாட்டில் கம்பியை எடுப்பதற்கு முன்பே, நெரிசல் மிகுந்த டோல்கேட்டுகளில் காற்றின் தரத்தை அளக்கும் கருவிகளை வைக்க வேண்டும். எடுத்த பிறகு வைத்தால் எதோடு ஒப்பிடுவது? சுற்றியுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவப் பதிவுகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைப் புரட்டிப் பார்க்கப் பெரிய செலவும் ஆகாது. கருவி காட்டும் அளவைக் கட்டண விவரப் பலகைக்குப் பக்கத்திலேயே தினமும் எழுதிவைக்கட்டும்.

— ஒரு வாசகர், செங்கல்பட்டு