லைப்ரரியோடு அதன் அடையாளத்தையும் நிறுவித் தாருங்கள்: சி++ லைப்ரரி பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பல கூறுகளாகப் பிரித்து வெளியிடப்படும் சி++ லைப்ரரிகளைப் பராமரித்துவரும் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் எழுதும் நிரலைவிட, நான் ஒன்றுசேர்க்கும் பிறரது நிரலே அதிகம். நீங்கள் எழுதி வெளியிடும் லைப்ரரிகளை எங்கள் மென்பொருளோடு இணைத்து, டெபியனிலும் உபுண்டுவிலும் விண்டோஸிலும் ஒரே விதமாக பில்டு ஆகும்படி, அதாவது மூல நிரலிலிருந்து இயங்கும் மென்பொருளாக உருவாகும்படி, பார்த்துக்கொள்வதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. அந்த வேலையில் ஒவ்வொரு நாளும் மூன்று கேள்விகள் எழுகின்றன. உங்கள் லைப்ரரி இந்தக் கணினியில் எங்கே இருக்கிறது? அது எந்தப் பதிப்பு? நான் கேட்கும் கூறுகள் எல்லாம் அந்த ஒரே பதிப்பைச் சேர்ந்தவைதானா? இவற்றுக்குச் சரியான விடை உங்களிடம் மட்டுமே இருக்கிறது என்பதாலும், அந்த விடையை வெளியாட்கள் ஊகித்து எழுதும்போது என்ன நேர்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தவன் என்பதாலும், அதை லைப்ரரியோடு சேர்த்தே நிறுவித் தாருங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் வெளியிடவிருந்த ஒரு மென்பொருள், எங்கள் குழுவில் ஒருவருடைய கணினியில் மட்டும் இயங்கத் தொடங்கிய சில நொடிகளில் நின்றுபோனது. கம்பைலர் எச்சரிக்கை எதுவும் தரவில்லை. தனித்தனிப் பகுதிகளை ஒன்றுசேர்க்கும் லிங்கரும் மறுப்பின்றி இணைத்துக் கொடுத்தது. டிபக்கரில் பார்த்தால், ஒரு சாதாரண ஆப்ஜெக்ட் அழிக்கப்படும் இடத்தில் நினைவகம் சிதைந்திருந்தது. இரண்டு நாள் எங்கள் நிரலிலேயே பிழையைத் தேடினோம். மூன்றாம் நாள், தேவையான லைப்ரரிகளைத் தேடி பில்டை ஒழுங்கமைத்துத் தரும் கருவியான சீமேக் தன் தேடல் முடிவுகளைச் சேமித்துவைக்கும் கேஷ் கோப்பைத் திறந்து வரிவரியாகப் படித்தபோதுதான் விஷயம் புலப்பட்டது. லைப்ரரியின் அறிவிப்புகள் உள்ள ஹெடர் கோப்புகளின் அடைவைக் குறிக்கும் வரி 'யூஎஸ்ஆர்/லோக்கல்' என்று தொடங்கியது; முதல் மூன்று கூறுகளின் லைப்ரரிக் கோப்புகளும் அதே இடத்தைக் காட்டின; நான்காவது கூறு மட்டும், இயங்குதளத்தோடு வந்த பழைய பதிப்பின் அடைவைக் காட்டியது. அந்த நண்பர் புதிய பதிப்பை மூல நிரலிலிருந்து பில்டு செய்து நிறுவியபோது, தமக்கு அப்போது தேவைப்பட்ட மூன்று கூறுகளை மட்டுமே நிறுவியிருந்தார். நான்காவதைத் தேடிய எங்கள் ஸ்கிரிப்ட், அது எங்கே கிடைத்ததோ அங்கிருந்தே எடுத்துக்கொண்டது. புதிய ஹெடரின்படி 48 பைட் அளவுள்ள ஒரு கிளாஸ், பழைய லைப்ரரிக்குள் 40 பைட்டாக இருந்தது.

தவறு அந்த நண்பருடையதன்று. அந்த லைப்ரரி தன்னைப் பற்றிய விவரக் கோப்பு எதையும் நிறுவவில்லை. ஆகவே எங்களில் ஒருவர் அதைத் தேடித்தரும் 'ஃபைண்ட் மாட்யூல்' ஒன்றைத் தாமே எழுதியிருந்தார். அத்தகைய மாட்யூல்கள் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் வேலை செய்கின்றன: ஹெடர் கோப்பின் பெயரைச் சொல்லி ஒரு முறையும், ஒவ்வொரு கூறின் லைப்ரரிக் கோப்பின் பெயரைச் சொல்லித் தனித்தனியாகவும் தேடுகின்றன, கிடைத்தவற்றைத் தனித்தனி வரிகளாகக் கேஷில் எழுதுகின்றன. நான்கு கூறுகளும் ஒரே குடும்பம் என்ற செய்தி அந்தத் தேடலில் எங்குமே இல்லை. அது உங்கள் மனத்தில் இருக்கிறது. எங்கள் வட்டில் இல்லை.

ஊகம் எவ்வளவு கவனமாக எழுதப்பட்டாலும் ஊகம்தான் என்பதற்கு பல கூறுகள் கொண்ட சி++ லைப்ரரித் தொகுப்பான பூஸ்டின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. சீமேக்கோடு சேர்ந்து வந்த 'ஃபைண்ட்பூஸ்ட்' மாட்யூல், திறமையானவர்கள் பல ஆண்டுகள் உழைத்துப் பேணியது. ஆயினும் அதனுள்ளே பூஸ்டின் அறியப்பட்ட பதிப்புகளின் பட்டியல் ஒன்றும், எந்தக் கூறுக்கு வேறு எந்தக் கூறுகள் தேவை என்ற அட்டவணை ஒன்றும் கையால் எழுதிவைக்கப்பட்டிருந்தன. விண்டோஸில் ஒரு பூஸ்ட் கோப்பின் பெயரிலேயே கம்பைலரின் பதிப்பு, த்ரெட் ஆதரவு, டிபக் பில்டா என்பது, 64 பிட்டா என்பது, பூஸ்டின் பதிப்பு ஆகிய அனைத்தும் ஒட்டுகளாகத் தொடர்ந்து வரும். அவற்றையெல்லாம் முன்கூட்டியே கணித்துப் பெயரைக் கட்டித்தான் அந்த மாட்யூல் தேட வேண்டியிருந்தது. பூஸ்ட் புதிய பதிப்பை வெளியிட்ட பின் சீமேக்கைப் புதுப்பிக்காதவர்களுக்கு, 'இப்புதிய பதிப்பின் சார்புகள் தவறாகவோ விடுபட்டோ இருக்கலாம்' என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை வரும். ஒரு திட்டத்தின் உள்விவரத்தை இன்னொரு திட்டம் மனப்பாடம் செய்து வைத்திருந்ததன் விலை அது.

2019இல் வெளிவந்த பூஸ்ட் 1.70 முதல், பூஸ்ட் தன் கான்ஃபிக் கோப்புகளை, அதாவது தன் கூறுகள் எங்கே உள்ளன என்று சீமேக்குக்குச் சொல்லும் விவரக் கோப்புகளை, தானே நிறுவுகிறது. 2024இல் வந்த சீமேக் 3.30, 'சிஎம்பி0167' என்ற கொள்கையின் வழியே பழைய மாட்யூலை ஒதுக்கிவைத்தது. பூஸ்டின் கான்ஃபிக் கோப்பில் நான் மிகவும் மதிக்கும் ஒரு வரி இருக்கிறது. ஒவ்வொரு கூறுக்கும் அதன் பதிப்பெண்ணோடு கூடிய தனி அடைவும் தனிக் கான்ஃபிக் கோப்பும் உண்டு. முதன்மைக் கான்ஃபிக் கோப்பு அவற்றைத் தேடும்போது, தன் பதிப்பு எதுவோ அதே பதிப்புத்தான் வேண்டும், அதற்கு முந்தியதோ பிந்தியதோ ஆகாது என்று கேட்டுத் தேடுகிறது. எங்கள் மூன்று நாள் அலைச்சலை அந்த ஒரு நிபந்தனை தடுத்திருக்கும்: நான்காவது கூறு கிடைக்கவில்லை என்று பில்டு முதல் நிமிடத்திலேயே நின்றிருக்கும்.

பதிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கேதான் நல்ல நோக்கத்தோடு கான்ஃபிக் கோப்பு தருபவர்களும் தவறிவிடுகிறார்கள். 'ஃபைண்ட்_பேக்கேஜ்' என்ற கட்டளை 1.4 வேண்டும் என்று கேட்கும்போது, கிடைத்த பதிப்பு அதற்குப் பொருந்துமா என்பதை சீமேக் தானாக முடிவு செய்வதில்லை. கான்ஃபிக் கோப்பின் பக்கத்தில் நீங்கள் வைத்திருக்கும் பதிப்புக் கோப்பை அது முதலில் இயக்கி, கேட்கப்பட்ட எண்ணை அதனிடம் கொடுத்து, பொருந்தும் அல்லது பொருந்தாது என்ற விடையைப் பெற்றுக்கொள்கிறது. தீர்ப்பு முழுவதும் உங்களுடையது. அந்தக் கோப்பை உருவாக்கித் தரும் வசதியில், எந்தப் புதிய பதிப்பும் ஏற்கத்தக்கது, முதலெண் ஒன்றாக இருக்க வேண்டும், முதலிரு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும், எண் அப்படியே பொருந்த வேண்டும் என நான்கு வழிகள் உள்ளன. இவற்றில் முதல் வழியைப் பல லைப்ரரிகளில் பார்க்கிறேன். பெரும்பாலும் ஏதோ ஓர் எடுத்துக்காட்டிலிருந்து அப்படியே வந்துவிடுகிறது என்றே நினைக்கிறேன். அதன் விளைவாக, 1.4 கேட்டவருக்கு 3.0 கிடைக்கிறது, பாதி ஃபங்ஷன்கள் பெயர் மாறியிருக்கும் அந்தப் பதிப்பைப் பொருந்தும் என்று உங்கள் கோப்பே சான்றளிக்கிறது. ஒவ்வொரு இடையெண் வெளியீட்டிலும் ஏபிஐ ஒத்திசைவை (பழைய பயனர் நிரல் மாற்றமின்றி இயங்கும் தன்மையை) நீங்கள் முறிப்பவர்களானால், அதில் குற்றமில்லை, ஆனால் அதைப் பதிப்புக் கோப்பில் சொல்லிவிடுங்கள்.

எண் முறையே பொருந்தாத லைப்ரரிகளும் உண்டு. அப்சீல், 20230125 என்பது போல் தேதியையே பதிப்பெண்ணாகக் கொள்கிறது. இரண்டு தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பொருத்தலாமா என்று வெளியாள் ஒருவரால் கணிக்க முடியாது. ஆனால் அப்சீல் வேறொரு காவலை வைத்திருக்கிறது: நீண்டகால ஆதரவு வெளியீடுகளில் அதன் பெயர்கள் அனைத்தும் அந்தத் தேதியைத் தாங்கிய ஓர் இன்லைன் நேம்ஸ்பேஸுக்குள், அதாவது பெயர்களோடு தானாகச் சேரும் ஓர் உறைக்குள், இருக்கின்றன. ஹெடர் ஒரு வெளியீட்டையும் லைப்ரரி வேறொரு வெளியீட்டையும் சேர்ந்ததாக இருந்தால் லிங்கரே மறுத்துவிடும். யூனிகோடு வேலைக்குப் பயன்படும் ஐசியூ லைப்ரரியும் இதே எண்ணத்தோடு, தன் ஒவ்வொரு ஃபங்ஷன் பெயரின் பின்னும் முதன்மைப் பதிப்பெண்ணை ஒட்டுகிறது. இயங்கும்போது நினைவகத்தைச் சிதைப்பதைவிட, இணைக்கும்போதே பெயர் சொல்லி நிற்பது எவ்வளவோ மேல். கான்ஃபிக் கோப்பில் எழுதும் நிபந்தனையைச் சுற்றிக்கொண்டு போகிறவர்கள் இருப்பார்கள். லிங்கர் பார்க்கும் சிம்பல் பெயரில் எழுதியதைச் சுற்றிக்கொண்டு போவது எளிதன்று.

தரவைப் பரிமாறப் பல மொழிகளில் பயன்படும் புரோட்டோபஃப் லைப்ரரி 2022இல் எண் முறையை மாற்றி, ஒவ்வொரு மொழிக்கும் முதலெண்ணைத் தனியாகவும் பின்னெண்ணைப் பொதுவாகவும் வைத்தது. அதனால் 22 என்ற ஒரே வெளியீடு சி++இல் 4.22 ஆகவும் ஜாவாவில் 3.22 ஆகவும் ஆனது. ஒரு மொழியில் நேரும் முறிவை இன்னொரு மொழியின் எண்ணில் ஏற்றாத அந்த முறை நியாயமானதே. எனினும் தங்கள் பில்டு கோப்பில் 3 என்று எழுதிவைத்திருந்த சி++ பயனர்களுக்கு, எண் ஏன் தாவியது என்பது பிழைச்செய்தியில் தெரியாது. பொருந்தாது என்று தீர்ப்பளிக்கும் பதிப்புக் கோப்பைப் பராமரிப்பவர், அதன் காரணத்தையும் எளிதில் கண்ணில் படும் இடத்தில் ஒரு வரி எழுதிவைத்தால் பலருடைய ஒரு நாள் மிச்சமாகும்.

கூறுகளின் பட்டியலுக்கு என்ன பொருள் என்பதையும் சீமேக் உங்களிடமே விட்டுவிடுகிறது. நான் ஐந்து கூறுகளைப் பெயர் சொல்லிக் கேட்டு, உங்கள் கான்ஃபிக் கோப்பு அந்தப் பட்டியலைப் பார்க்கவே இல்லை என்றால், நிறுவப்படாத கூறும் கிடைத்துவிட்டதாகவே தேடல் முடிந்துவிடும். பிழை பல அடிகள் தள்ளி, வேறு ஏதோ டார்கெட்டின், அதாவது சீமேக் பில்டு செய்யும் அல்லது இணைக்கும் ஓர் அலகின், பெயரோடு தோன்றும். 'செக்_ரிக்வயர்டு_காம்பொனென்ட்ஸ்' என்ற ஒரு வரி இதற்குப் போதும். அதுபோல உங்கள் கூறுகள் வெளியே உள்ள இன்னொரு லைப்ரரியைச் சார்ந்திருந்தால், அதை உங்கள் கான்ஃபிக் கோப்பே 'ஃபைண்ட்_டிபென்டென்சி' கொண்டு தேடட்டும். இந்த வரியை மறந்தவர்களின் லைப்ரரி அவர்களுடைய கணினியில் மட்டும் சரியாக பில்டு ஆகும், ஏனெனில் அவர்களுடைய திட்டம் அதை ஏற்கெனவே வேறோர் இடத்தில் தேடியிருக்கும். கான்ஃபிக் கோப்பில் முழுப் பாதை எதையும் எழுதாமல், அது இருக்கும் இடத்தை வைத்தே மற்றவற்றைக் கணக்கிடும்படி செய்யவும் வேண்டும். பராமரிப்பாளருடைய வீட்டு அடைவின் பெயரைச் சுமந்துகொண்டு வந்த கான்ஃபிக் கோப்பை ஒரு கண்டெய்னருக்குள் நான் திறந்து பார்த்திருக்கிறேன்.

ஒரு கூறை நீக்கும்போது என்ன செய்வது? பூஸ்டின் 'சிஸ்டம்' கூறு 1.69இலேயே ஹெடர் மட்டும் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டது. பழைய பில்டு கோப்புகள் முறியாதிருக்க வெற்று லைப்ரரி ஒன்றைப் பல ஆண்டுகள் விட்டுவைத்து, 2025இல் வந்த 1.89இல் அதை நீக்கினார்கள். கூறுப் பட்டியலில் 'சிஸ்டம்' என்ற சொல்லை விட்டுவைத்திருந்த எத்தனையோ திட்டங்கள் அன்று நின்றன. அவ்வளவு நீண்ட அவகாசம் தந்ததைப் பெருந்தன்மை என்றே சொல்வேன். ஆனால் அந்த வெற்று லைப்ரரி ஒரு சொல்லும் பேசாமல் இருந்ததால், அவகாசம் ஓடிக்கொண்டிருப்பது பயனர்களுக்குத் தெரியவில்லை. சீமேக் 3.17 முதல் ஒரு டார்கெட்டின் மீதே 'இது கைவிடப்படவிருக்கிறது' என்ற செய்தியை எழுதிவைக்க முடியும். அதை இணைப்பவர் ஒவ்வொரு முறையும் அதைப் பார்ப்பார். கூறுகளை ஒன்றாக்கவோ பிரிக்கவோ எண்ணும் ஒவ்வொருவரும் இதைப் பயன்படுத்த வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

எல்லாரும் சீமேக் பயன்படுத்துவதில்லை என்பதையும் அறிவேன். வேறு பில்டு கருவிகளான மேசானும் ஆட்டோடூல்ஸும், லைப்ரரியின் விவரங்களைத் தாங்கிய பிகேஜி-கான்ஃபிக் கோப்புகளைப் படிக்கின்றன. கூறுக்கு ஒரு கோப்பு வீதம் அவற்றையும் நிறுவி, ஒவ்வொன்றின் 'ரிக்வயர்ஸ்' வரியிலும் தோழமைக் கூறின் பதிப்பைச் சமக்குறியோடு எழுதினால், நான் மேலே சொன்ன பாதுகாப்பு அங்கும் கிடைக்கும். ஜேசன் வடிவில் ஒரே விவரக் கோப்பை எல்லாக் கருவிகளும் படிக்கும்படி செய்ய முனையும் 'காமன் பேக்கேஜ் ஸ்பெசிஃபிகேஷன்' முயற்சியை நம்பிக்கையோடு பார்க்கிறேன். ஆனால் அது பரவும் வரை இருப்பதைச் செய்யாமல் காத்திருப்பது சரியன்று.

இவை அனைத்தும் சரியாக இருக்கின்றனவா என்று அறிய ஒரு வழியை என் அனுபவத்தில் கண்டேன். உங்கள் தானியங்கிச் சோதனையில், லைப்ரரியைக் காலியான ஓர் அடைவில் நிறுவுங்கள். அந்த அடைவை வேறொரு பெயருக்கு மாற்றுங்கள். பிறகு, உங்கள் மூல நிரலோடு எந்தத் தொடர்பும் இல்லாத, இருபது வரிக்கு மிகாத ஒரு சிறு திட்டத்தை அங்கிருந்து பில்டு செய்து இயக்குங்கள்: ஒரு முறை எல்லாக் கூறுகளையும் கேட்டு, ஒரு முறை இல்லாத கூறு ஒன்றைக் கேட்டு, ஒரு முறை அடுத்த முதலெண் பதிப்பைக் கேட்டு. முதலாவது வெற்றி பெற வேண்டும். மற்ற இரண்டும் தெளிவான செய்தியோடு தோற்க வேண்டும். இந்தச் சிறு திட்டத்தை எழுத நேரமில்லாத லைப்ரரிகளுக்கு நானே எழுதி, கான்ஃபிக் கோப்போடு சேர்த்து, அவற்றின் நிரலுக்கான ஒரு திருத்தமாக அனுப்பத் தொடங்கியிருக்கிறேன். உங்களுடையதற்கும் அப்படி ஒன்று வந்தால், அதில் நான் ஊகித்து எழுதிய பதிப்பு விதியை மட்டும் தயவுசெய்து நீங்களே சரிபார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

மிக்க நன்றியுடன்,
உங்கள் லைப்ரரிகளை நாள்தோறும் பில்டு செய்யும் ஒருவன்