ஒரே நாளில் வவுனியா போய்த் திரும்பும் லொறி: கணக்கு எங்கே பிழைக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் கட்டடப் பொருள் வியாபாரம் செய்பவர்களிடையே அண்மைக்காலமாக ஒரு பேச்சு அடிபடுகிறது. கம்பி ஏற்றிய பிளாட்பெட் லொறியை அதிகாலையில் வவுனியாவுக்கு அனுப்பினால் அன்றிரவே வெறும் லொறியாகத் திருப்பி எடுத்துவிடலாம், ஆகவே ஒரு நாள் வாடகை கொடுத்தால் போதும் என்பதே அந்தப் பேச்சு. பக்கப் பலகை இல்லாத இந்தத் தட்டை லொறிகளை இருபது வருடங்களுக்கு மேலாக ஓட்டியும் ஓடவிட்டும் பழகியவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன்.

கடதாசியில் போட்டுப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வரும். கொழும்பிலிருந்து வவுனியா ஏறத்தாழ 255 கிலோமீற்றர். மணிக்கு 60 வீதம் ஓடினால் நாலேகால் மணித்தியாலம், போக வர எட்டரை. ஆனால் 10 தொன் கம்பியுடன் புத்தளம் வீதியில் போகும் லொறிக்கு அந்த 60 எங்கே கிடைக்கிறது? நீர்கொழும்பு, வென்னப்புவ, மாரவில, சிலாபம் என்று ஊருக்கு ஊர் சந்தியும் மஞ்சள் கடவையும் முந்தத் துடிக்கும் பஸ்ஸும் இருக்க, புத்தளத்தைத் தாண்டிய பிறகுதான் வீதி சற்றுத் திறந்து கொடுக்கும். குருநாகல் பக்கமாகப் போகலாம் என்பார்கள். மீரிகமையிலிருந்து குருநாகல் வரையான அதிவேகப் பாதை 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது உண்மை, ஆனால் கடவத்தை – மீரிகமைத் துண்டு முடியாதவரை அந்தப் பாதையைப் பிடிப்பதற்கே நெரிசலுக்குள் ஊர்ந்து போக வேண்டியிருக்கிறது. பாரத்துடன் சராசரி 40, வெறும் லொறிக்கு 45 என்பதே என் அனுபவம். அப்படியானால் போக ஆறரை மணித்தியாலம், வர ஏறத்தாழ ஆறு.

இதில் பெட்டி லொறிக்காரர் அறியாத ஒரு வேலையும் இருக்கிறது. கம்பிக் கட்டுகள் ஓட்டத்தில் அதிர்ந்து அதிர்ந்து ஒன்றுக்குள் ஒன்று படியும். படிந்தவுடன், புறப்படும்போது கல்லுப் போல் இறுகியிருந்த சங்கிலி தளர்ந்துவிடும். ஆகவே நீர்கொழும்புக்கு இப்பாலோ அப்பாலோ லொறியை ஓரங்கட்டி, சங்கிலியையும் பட்டியையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து இறுக்க வேண்டும். பிறகு புத்தளத்தில் இன்னொரு முறை. மடித்த கம்பியாக இருந்தால் அதன் வளைவு தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பகலில் அதற்கு ஒரு சிவப்புத் துணி போதும். அதிகாலை மூன்று மணிக்குப் புறப்படச் சொன்னால் சிவப்பு விளக்குக் கட்டினாலும், பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரை நினைத்து மனம் அடித்துக்கொண்டே இருக்கும்.

இவ்வளவும் வீதியில் கழியும் நேரம். ஒரு நாளை உண்மையில் விழுங்குவது இறக்குமிடம். சில வருடங்களுக்கு முன் நானே இப்படியொரு ஒரு நாள் வாடகைக்கு ஒப்புக்கொண்டேன். அதிகாலை நான்கு மணிக்குக் கிராண்ட்பாஸில் புறப்பட்ட லொறி பதினொரு மணிக்குச் சற்று முன்னர் வவுனியாக் கடை வாசலில் நின்றது. கம்பி இறக்கும் ஆட்கள் வேறொரு லொறியில் சீமெந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். அது முடியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. இறக்கி, நிறை பார்த்து, பற்றுச்சீட்டில் கையெழுத்து வாங்கும்போது மூன்றேகால். சாரதி திரும்பி வரும் வழியில் இரவு எட்டரை மணியளவில் மாதம்பைக்குக் கிட்ட இடப்பக்கச் சில்லுகள் தாரை விட்டுக் கிரவலில் இறங்கின. வெறுந் தட்டில் கிடந்த சங்கிலிகள் தூக்கியடித்த சத்தத்தில்தான் அவர் கண் விழித்தாராம். அவர் அன்று எழும்பியது அதிகாலை இரண்டரை மணிக்கு. லொறிக்கும் ஆளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிழை அவருடையதல்ல, அந்த வாடகைக்குத் தலையாட்டிய என்னுடையது.

கனடாவில் இதே பிளாட்பெட் ஓட்டும் என் மருமகன், தான் காலையில் போய் இரவு வீட்டில் சாப்பிடுவதாகத் தொலைபேசியில் சொல்லும்போது இங்குள்ளவர்களுக்கு ஆசை பிறக்கிறது. அவர் ஓடும் ரொறன்ரோ – வின்சர் தூரம் ஒரு பக்கம் ஏறத்தாழ 370 கிலோமீற்றர், நம்முடைய வவுனியாவைவிட நூறுக்கு மேல் அதிகம். ஆனால் பெருந்தெருவில் நாலு மணித்தியாலத்தில் போய்விடுகிறார். அங்கேயும் ஒரு நாளில் 13 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, ஓட்டமும் ஏற்றியிறக்கலும் சேர்ந்து 14ஐத் தாண்டியபின் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. லொறியில் பூட்டிய மின்னணுக் கருவி அதை எழுதிக்கொண்டே இருக்கும். கட்டிய பாரத்தை முதல் 80 கிலோமீற்றருக்குள் ஒரு முறையும், அதன்பின் மூன்று மணித்தியாலத்துக்கு அல்லது 240 கிலோமீற்றருக்கு ஒரு முறையும் பார்க்க வேண்டும் என்பதும் விதி. எங்கள் பழைய சாரதிமார் நீர்கொழும்பில் நிறுத்திச் சங்கிலி தட்டியது யாரும் எழுதிவைக்காத அதே விதிதான். அந்த 14 மணித்தியால அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தால், பன்னிரண்டரை மணித்தியால ஓட்டத்துடன் நாலு மணித்தியால இறக்கலும் சேர்ந்த வவுனியாப் பயணம் அதற்குள் அடங்காது. யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். 400 கிலோமீற்றர் போக மட்டும் பத்து மணித்தியாலம், முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும் நேரத்தைச் சேர்க்காமல்.

ஒரே நாள் ஓட்டம் முற்றாக நடக்காத காரியம் என்று நான் சொல்லவில்லை. குருநாகலுக்குத் தாராளமாகச் செய்யலாம். 150 கிலோமீற்றர் தூரத்திலுள்ள தம்புள்ளைக்கும், முதல் நாள் மாலையே ஏற்றிக் கட்டி வைத்தால், சாரதி இருட்டுப்பட வீடு வந்து சேருவார். அனுராதபுரம் எல்லைக்கோடு, இறக்குமிடத்தில் ஆள் தயாராக நின்றால் மட்டும் ஒப்புக்கொள்ளலாம். அதற்கு அப்பால், லொறி அன்றே திரும்பித்தான் ஆகவேண்டும் என்றால் சாரதி மாற வேண்டும். வவுனியாவில் ஒரு லொறிக்காரரும் கொழும்பில் ஒருவரும் பேசிவைத்து, புத்தளத்தில் சந்தித்து, லொறிகளை மாற்றிக்கொண்டு அவரவர் ஊருக்குத் திரும்பினால் இருவரும் தத்தம் வீட்டில் படுப்பார்கள். தன் லொறியை இன்னொருவர் சாரதியிடம் கொடுக்க எத்தனை உரிமையாளர் துணிவார்கள் என்பது வேறு கதை. நானே இன்னும் துணியவில்லை.

திரும்பும் பாரம் கிடைத்தால் இரண்டு நாள் வாடகை கட்டுப்படியாகும் என்பது சரி. ஆனால் வெங்காயமும் வாழைக்குலையும் தட்டை லொறிக்கு ஏற்றவை அல்ல, மரமென்றால் அனுமதிப்பத்திரத்துக்கு அலைய வேண்டும். ஆகவே லீற்றருக்கு மூன்று கிலோமீற்றர் ஓடும் லொறி பெரும்பாலும் வெறுமையாகவே வருகிறது. அந்த டீசல் செலவைச் சாரதியின் நித்திரையில் கழித்துக்கொள்ளத்தான் இந்த ஒரு நாள் வாடகை வழிசெய்கிறது.

இப்போது வவுனியாவுக்கு லொறி கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, கம்பி இறக்க எத்தனை பேர் வருவார்கள், சாப்பாட்டுக்கு முன் வருவார்களா பின் வருவார்களா என்பதே. தெளிவான பதில் வராவிட்டால் இரண்டு நாள் வாடகை எழுதிக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
லொறி உரிமையாளர் ஒருவர்,
கொழும்பு 14.