குளிர்ந்த பிளாஸ்மா ஆய்வை மறுமதிப்பீட்டுக்கு அனுப்புங்கள்

அணுக்கரு இணைவு ஆய்வுகளுக்கு நிதி வழங்கும் தேர்வுக் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். லேசரால் குளிர்வித்த அணுக்களிலிருந்து பிளாஸ்மா (எலெக்ட்ரான் இழந்த அணுக்களான அயனிகளும், பிரிந்த எலெக்ட்ரான்களும் கலந்த நிலை) உருவாக்கி ஆராய நாங்கள் அளித்த விண்ணப்பத்தை, இணைவுக்குத் தொடர்பில்லாதது என்ற ஒற்றை வரியோடு திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். நிராகரிக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தக் காரணம் பிழையானது. ஆகவே, இத்துறை அறிந்த மதிப்பீட்டாளர் ஒருவரிடம் விண்ணப்பத்தை மீண்டும் அனுப்புமாறு வேண்டுகிறோம்.

2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி 3.15 மெகாஜூல் இணைவு ஆற்றலைப் பெற்ற சோதனையில், எரிபொருள் 20 கெல்வினுக்கும் (சுமார் −253 டிகிரி செல்சியஸ்) கீழே உறைந்த ஹைட்ரஜன் ஐசோடோப்புகளாகவே இருந்தது. அந்த உறைநிலையிலிருந்து கோடிக்கணக்கான டிகிரிக்குச் செல்லும் வழியில், அண்டை அயனிகளுக்கு இடையிலான மின்னாற்றல் அவற்றின் வெப்ப ஆற்றலுக்கு ஈடாக நிற்கும் கட்டமொன்றை அது கடக்கிறது. வழக்கமான கோட்பாடுகள் தடுமாறும் இடம் அதுதான். ஆனால் இணைவுச் சோதனையில் எல்லாம் கண நேரத்தில் முடிந்துவிடுகிறது. அடர்த்தி, வெப்பநிலை இரண்டையும் வெகுவாகக் குறைத்தால் அதே ஆற்றல் விகிதத்தை ஒரு வெற்றிடக் கலத்துக்குள் கொண்டுவரலாம்; அயனிகள் மைக்ரோநொடிக் கணக்கில் மெல்ல நகர்வதால் ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுக்கலாம். 1999இல் அமெரிக்காவின் கெய்தர்ஸ்பர்க்கில் செனான் அணுக்களைக் கொண்டு இதைத் தொடங்கினார்கள். 2019இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் பிளாஸ்மாவின் ஸ்ட்ரான்சியம் அயனிகளையே சுமார் 50 மில்லிகெல்வின் வரை குளிர்வித்தார்கள். இதிலிருந்து மின்சாரம் வரும் என்று நாங்கள் எங்கும் எழுதவில்லை. இணைவுக் கணிப்புகளில் பயன்படும் சூத்திரங்களுக்கு இது உரைகல் என்றே எழுதினோம்.

எங்கள் ஆய்வு மாணவி 461 நானோமீட்டர் நீல லேசரால் ஸ்ட்ரான்சியம் அணுக்களைப் பிடித்து நிறுத்திவிட்டார். கலத்தின் நடுவே அவை நீலப் புள்ளியாக ஒளிர்வதைக் கண்ணாலேயே காணலாம். அவற்றிலிருந்து எலெக்ட்ரானைப் பிரிக்க 412 நானோமீட்டர் அளவில் இன்னொரு லேசர் வேண்டும். நாங்கள் கேட்ட தொகையில் பெரும்பகுதி அதற்குத்தான். அது இல்லாததால், ஆய்வேட்டின் முதல் அளவீட்டைக்கூடத் தொடங்க முடியாமல் அதே அணுக்களை அவர் நாள்தோறும் பிடித்து விட்டுக்கொண்டிருக்கிறார். ஐந்தாண்டு உதவித்தொகையோ யாருக்காகவும் நிற்பதில்லை.

1989இல் காந்திநகரில் இயங்கத் தொடங்கிய ஆதித்யா என்ற இணைவு ஆய்வுக் கருவி முதலான பெரிய இயந்திரங்கள் மீது எங்களுக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் மேசையளவுச் சோதனைகளைப் படித்துக்கூடப் பார்க்காமல் ஒதுக்கும் வழக்கத்தை ஏற்க இயலாது. காரணம் கேட்டு நாங்கள் அனுப்பிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

தயைகூர்ந்து, அணு இயற்பியலும் பிளாஸ்மாவும் அறிந்த ஒருவரிடம் இவ்விண்ணப்பத்தை அனுப்புங்கள். அவர் குறை கண்டால், அந்தக் குறைகளை எழுத்தில் தெரிவியுங்கள். உரிய விளக்கம் தருகிறோம்.

இப்படிக்கு,
விண்ணப்பித்த ஆய்வுக் குழுவினர் சார்பில்