முப்பத்தாறு வயதில் தலைப்பிரசவம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் உண்டாகியிருக்கிறாள் என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது. ஆறு வருடமாகக் காத்திருந்தவள் ஆயிற்றே! ஸ்கேன் எடுத்த இடத்தில், "முப்பத்தாறு வயசில் தலைப்பிரசவமா?" என்று கேட்டார்களாம். வாயும் வயிறுமாக இருக்கிறவளிடம் இப்படியா கேட்பார்கள்?

மறைக்க மாட்டேன், 35 தாண்டினால் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கரு கலைவது எல்லாமே கொஞ்சம் கூடத்தான் செய்யும். டவுன் சிண்ட்ரோம் என்கிற பிறவிக் குறைபாடு 25 வயதுத் தாய்க்குச் சுமார் 1,250 குழந்தைக்கு ஒன்று என்றால், 35 வயதில் சுமார் 350க்கு ஒன்று. மற்ற 349 குழந்தைகளுக்கு அது இல்லை என்பதையும் அவளிடம் சொல். அதற்கு வாய்ப்பு எவ்வளவு என்று பார்க்க, 11 வாரத்திலிருந்து 14 வாரத்துக்குள் குழந்தையின் பிடரியில் சேர்ந்திருக்கும் நீரை அளக்கும் என்.டி. ஸ்கேனைத் தவற விடாதீர்கள். அப்புறம் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 மில்லிகிராமைத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கணக்கு. வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. நம் சென்னை சர்க்கரை நோய் டாக்டர் சேஷய்யா கொண்டுவந்த முறை அது.

தமிழ்நாட்டில் 2001-03இல் லட்சம் குழந்தை பிறந்தால் 134 தாய்மார் இறந்தார்கள். 2018-20இல் அது 54. இத்தனைக்கும் பெண்கள் படித்து, வேலைக்குப் போய், முன்னைவிடத் தள்ளித்தான் பெற்றுக்கொள்கிறார்கள். பி.பி. பார்த்து, ரத்தம் பார்த்து, ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்ததால் வந்த பலன் இது.

எனக்குப் பயமெல்லாம் சின்ன வயதுக்காரிகளை நினைத்துத்தான். போன மாதம் என்னிடம் பரிசோதனைக்கு ஒருத்தி வந்தாள், பதினேழு வயது. வீட்டில் மறைத்து வைத்து, எனக்குத் தெரியும்போதே ஏழு மாதம். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெளிறிக் கிடந்தது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் வெறும் 7.8 கிராம். 37 வாரம் முடியும் முன்பே பிரசவம். குழந்தையைத் தராசில் வைத்தால் முள் இரண்டைத் தொடவில்லை, 1.9 கிலோ. அவளே இன்னும் வளர்கிற பிள்ளை. வயிற்றில் இருப்பதற்கு எதைக் கொடுப்பாள்? தமிழ்நாட்டில் 15-19 வயதில் தாயானவர்கள், கர்ப்பமாக இருந்தவர்கள் 2015-16இல் நூற்றுக்கு 5 பேர். 2019-21இல் 6.3. இறங்க வேண்டிய எண் ஏறியிருக்கிறது. அந்தப் பெண்ணைப் பார்த்ததிலிருந்து பள்ளிக்கூடத்துப் பெண்களைப் பார்த்தாலே மனசு அடித்துக்கொள்கிறது.

சரி, வளைகாப்புக்கு நாள் குறித்ததும் எழுது. லீவு போட்டுவிட்டு வருகிறேன். பி.பி. மெஷினையும் எடுத்து வருகிறேன், நானே ஒரு தடவை பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

அன்புடன்,
உன் தோழி