வேலை மாறட்டுமா என்று கேட்டாயே

கண்ணு,

வாரம் ஐந்து நாளும் ஆபீசுக்கு வரச் சொல்கிறார்கள், சம்பளம் குறைந்தாலும் கோயமுத்தூருக்கே வந்துவிடட்டுமா என்று கேட்டாய். இது சோம்பேறித்தனமோ என்று உனக்கே ஒரு சந்தேகம் இருக்கிறது போல. இல்லை சாமி. கொரோனாவுக்கு அப்புறம் இங்கே திருப்பூரில் எங்களுக்கும் மனசு இப்படித்தான் மாறியது.

அதற்கு முன்னால் பனியன் கம்பெனிக்கு ஆள் சேரும்போது கேட்பது இரண்டே கேள்விதான். ஷிப்டுக்கு எவ்வளவு, தினமும் ஒன்றரை ஷிப்ட் கிடைக்குமா. காலை எட்டரைக்கு ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தால் ராத்திரி எட்டரைக்குத்தான் எழுந்திருப்பேன், சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்தால் முதுகுவலி மறந்துபோகும்.

2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு என்றார்கள். வெளிநாட்டு ஆர்டரெல்லாம் நின்றது. ஒடிசா, பீகார் பிள்ளைகள் ரூமுக்குள்ளேயே அடைந்து கிடந்து, மே மாதம் சிறப்பு ரயில் விட்டதும் ஊருக்குக் கிளம்பினார்கள். நான் வருஷக்கணக்காகத் தைத்த கம்பெனியில் போனையே எடுக்கவில்லை. பக்கத்துச் சந்தில் சின்ன யூனிட் வைத்திருந்தவர், தனக்கு வர வேண்டிய பாக்கியே வராத நேரத்தில், தன்னிடம் தைத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் அரிசியும் செலவுக்குப் பணமும் கொடுத்தனுப்பினார். அப்புறம் மாஸ்க்கும் கவச உடையும் தைக்க ஊரெல்லாம் ஆள் தேடியபோது, ஷிப்டுக்கு 20 ரூபாய் குறைவு என்று தெரிந்தும் எங்கள் லைனில் பாதிப் பேர் அவரிடம்தான் போனோம். ஒரு ஷிப்டோடு கிளம்பினால் அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. அந்தச் சாயங்கால வெளிச்சத்தில் வீட்டுக்கு நடந்து வருவதை எந்தச் சம்பளத்துக்கும் இனி விடமாட்டேன்.

எல்லோராலும் அப்படி முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எதிர்வீட்டு அக்காவுக்கு வாராவாரம் குழு லோன் தவணை, அதனால் ஒன்றரை ஷிப்டுக்கே திரும்பிப் போனார். அவருக்கும் பிள்ளைகளோடு இருக்கத்தான் ஆசை. உனக்குப் படிப்புக் கடன் முடிந்துவிட்டது, உன்னால் முடியும்.

ஆனால் வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக மட்டும் சேராதே. 2020-இல் அங்கே வேலை பார்த்த யாரையாவது பிடித்து, அப்போது சம்பளத்தைப் பிடித்தார்களா, ஆட்களை நிறுத்தினார்களா, உடம்புக்கு வந்தவர்களை எப்படி நடத்தினார்கள் என்று விசாரி. ஆஃபர் லெட்டர் கைக்கு வராமல் ராஜினாமா கொடுக்காதே. பி.எஃப். பணத்தை எடுத்துவிடாமல் புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அம்மா